பிஎம்ஐ கேட்கிறது 62, முதல் இலக்கு 78

எடையைக் குறைக்கணும்னு முடிவு பண்ணினதும் மனசுல ஒரு நம்பர் வந்துடும், பெரும்பாலும் காலேஜ்ல இருந்த எடை. அதை விட்டுட்டு, இன்னைக்கு இருக்கிற எடையில இருந்து கணக்கை ஆரம்பிப்போம்.

உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோன்னு வெச்சுக்குங்க. 1.65-ஐ 1.65-ஆல பெருக்கினா 2.72. எடையை அதால வகுத்தா பிஎம்ஐ சுமார் 30. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தாதான் நார்மல். அப்படின்னா 62 கிலோவுக்கு வரணும், 20 கிலோ குறையணும். இதைக் கேட்டதும் பலர் பட்டினி கிடந்து, மூணாவது வாரமே விட்டுடுறாங்க.

இருக்கிற எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பலருக்கு இறங்க ஆரம்பிக்கும். 82-ல அது வெறும் 4 கிலோ. வாரம் அரைக் கிலோன்னா ரெண்டு மாசம். அப்போ பிஎம்ஐ 28.7 இருக்கும். சார்ட் இன்னும் 'உடல் பருமன்'னுதான் சொல்லும், அதைப் பார்த்துச் சோர்ந்துடாதீங்க. அங்கிருந்து அடுத்த 5 சதவீதத்தைக் கணக்குப் போடுங்க.

பிஎம்ஐக்குத் தசை எது, கொழுப்பு எதுன்னு தெரியாது. அதனால மாசம் ஒருமுறை இடுப்பையும் அளந்து பாருங்க. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரைக்கும் இருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவங்க, சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க.