காவலுக்கும் ஒரு காவல்

தலைப்பு: தள்ளாதவர்களைப் பெரிதும் காப்பது உறவா? சட்டமா?
அணி: சட்டமே!



எனக்கு முன்னால் பேசிய சகோதரி கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேட்டாங்க: "பெத்த அப்பா, பெத்த பிள்ளை காப்பாத்தாததையா ஒரு கறுப்பு கோட்டு வந்து காப்பாத்தப் போகுது?" அரங்கமே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். ஏன்னா, முதல் வரிசையில என் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருக்காங்க. (சிரிப்பு)

ஆனால் பதில் சொல்லியாகணுமே! இந்த விஷயத்தில் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட ஊர் அமெரிக்கா. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அங்கே கலிபோர்னியா மாநிலத்தில் 'கன்சர்வேட்டர்ஷிப்' என்று ஒரு ஏற்பாடு. வயதாலோ நோயாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவருக்குக் கோர்ட்டு ஒரு பாதுகாவலரை நியமிக்கும். அதுக்கப்புறம் எங்கே குடியிருக்கலாம், எவ்வளவு செலவு பண்ணலாம் என்று பல முடிவுகள் பாதுகாவலர் கையில். நல்லவர் கையில் கிடைத்தால் அது குடை. கெட்டவர் கையில் கிடைத்தால் அதுவே கூண்டு!

நம்ம பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச ஒரு பேரு, பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ். 2008 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டு அவரை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்போ அவருக்கு வயசு 26. பாதுகாவலரா வந்தது யார்? யாரோ மூணாம் மனுஷரா? சகோதரி, கேளுங்க. பெத்த அப்பா! தற்காலிகம்னு ஆரம்பிச்சது 13 வருஷம் நீண்டது. இதிலே கூத்து என்னன்னா, தன்னைப் பார்த்துக்க முடியாதவர்னு சொல்லப்பட்ட அந்தப் பொண்ணு, 2013 கடைசியிலிருந்து 2017 கடைசி வரைக்கும் லாஸ் வேகாஸ் நகரத்து மேடையில ஆடிப் பாடிச் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கு. மேடையில ஆடத் தெரியும். தன் பணத்தைத் தொட மட்டும் தெரியாதாம்! (கைதட்டல்) அப்பாவோட வக்கீலுக்குச் சம்பளம் பொண்ணு பணத்திலிருந்து. பொண்ணுக்காகக் கோர்ட்டு போட்ட வக்கீலுக்கும் சம்பளம் அதே பணத்திலிருந்து. ஒரே இலையில ரெண்டு பந்தி! (சிரிப்பு)

2021 ஜூன் 23 அன்று அவர் தொலைபேசி மூலமாக நீதிபதியிடம் பேசினார். இருபது நிமிஷத்துக்கு மேலே பேசினார். அதில் ஒன்று என் நெஞ்சில் தைத்தது. இதை முடித்து வைக்கச் சொல்லி மனு போடலாம் என்பதே தனக்குத் தெரியாது என்று சொன்னார். கதவு எங்கே இருக்குன்னே தெரியாம ஒரு அறையில 13 வருஷம், ஐயா!

அடுத்த மாதம் நீதிபதி பிரெண்டா பென்னி, அவர் விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ள அனுமதித்தார். மத்திய அரசு வழக்கறிஞராக முன்பு பணியாற்றிய மேத்யூ ரோஸன்கார்ட் வந்தார். செப்டம்பரில் அப்பாவின் பொறுப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பர் 12-ல் ஏற்பாடே முடிந்தது. 13 வருஷம் திறக்காத கதவு நாலே மாசத்தில் திறந்தது. திறந்தது பாசமா, சட்டமா? (கைதட்டல்)

நடுவர் சிரிக்கிறார். "பூட்டைக் கொடுத்ததும் கோர்ட்டுதானேய்யா?" என்கிறார். நியாயமான கேள்வி! எதிரணி மறந்துபோன இன்னொரு உதாரணத்தையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். பக்கத்து மாநிலம் நெவாடா. அங்கே ஒரு பெண்மணி, முதியோர்களுக்குப் பாதுகாவலராக இருப்பதையே தொழிலாக வைத்திருந்தார். கோர்ட்டு உத்தரவு கையில். வீட்டிலிருந்த வயசான தம்பதியரை இல்லத்தில் சேர்த்தார். ஒரே வேலைக்குப் பல பேர் கணக்கில் கட்டணம் எழுதினார். வேலியே பயிரை மேய்ந்தது. 2019 ஜனவரியில் அவருக்கு 16 முதல் 40 வருஷம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அத்தனை நாளும் அந்தத் தாத்தா பாட்டிகளின் பக்கம் நின்று 'ஆட்சேபணை' என்று சொல்ல ஒரு வக்கீல் இல்லையே!

அதைத்தான் நெவாடா திருத்திக்கொண்டது. சட்டமே வேண்டாம்னு தூக்கி எறியவில்லை. யாருக்குப் பாதுகாவலர் கேட்கிறார்களோ, அவருக்கென்று ஒரு வக்கீல் வேண்டும் என்று 2017-ல் சட்டம் செய்தது. சட்ட உதவி மையத்து வக்கீல்கள் அந்த முதியோர்களிடம் காசு வாங்காமல் வாதாட வந்தார்கள். 2021-ல் கலிபோர்னியாவும், தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது.

அந்த வக்கீல் உத்தியோகம் என்னன்னு பாருங்க. கலிபோர்னியாவில் பாதுகாவலர் 90 நாளுக்குள்ளே சொத்துப் பட்டியல் கொடுக்கணும். ஒரு வருஷத்தில் கணக்கு. அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கணக்கு. கணக்கு வந்தால் மட்டும் போதுமா? அதைப் படிக்க ஒரு ஆள் வேணுமே! மருந்துச் செலவுன்னு எழுதியிருந்தா ரசீது எங்கேன்னு கேட்கணும். வீட்டை வித்தது யாருக்கு, என்ன விலைக்குன்னு கேட்கணும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான். குடத்தையே குடிச்சுட்டானான்னு பார்க்கணும். எல்லாத்துக்கும் மேலே, பாதுகாவலரை வெளியே நிறுத்திட்டு, கட்டில் ஓரமா உட்கார்ந்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்கணும். அந்த அம்மா மறதிக்காரங்களா இருக்கலாம். சொன்னதையே சொல்லலாம். ஆனாலும் கேட்கணும்! சினிமா வக்கீல் மாதிரி மேஜையைத் தட்டுற வேலையில்லை இது. பேர் வராது, மாலை வராது. முப்பது வருஷம் இப்படியே உழைச்சுட்டு ஓய்வு பெறுகிற வக்கீல்கள் இருக்காங்க. அவங்க காப்பாத்தினவங்களுக்கு அவங்க பேர்கூட ஞாபகம் இருக்காது. அதுக்குப் பேர்தான் தொண்டு! (கைதட்டல்)

மணி அடிக்கிறீங்க, முடிச்சுக்கறேன். நம் நாட்டிலும் 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள, 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. ஆறு மாசத்துக்குள்ளே சொத்துப் பட்டியல், வருஷா வருஷம் கணக்கு என்று அந்தச் சட்டமும் கேட்கிறது. அப்படி ஒரு பிள்ளையைப் பெத்த தாய் ராத்திரி தூங்காம கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "எனக்கப்புறம் இவனுக்கு யாரு?" உறவு சொல்லும், "நான் இருக்கேன்." சொல்லட்டும், நல்லது. ஆனால், "நீ ஒழுங்கா இருக்கியா?" என்று அந்த உறவைப் பார்த்துக் கேட்க ஒரு ஆள் வேணும்.

பாசம் சோறு ஊட்டும், சகோதரி. ஒத்துக்கறேன். அந்தச் சோறு வாய்க்குப் போச்சான்னு பார்க்க ஒரு சட்டம் வேணும். அந்தச் சட்டத்தோடு, நேரில் வந்து பார்க்கிற ஒரு மனுஷரும் வேணும். எனவே, தள்ளாதவர்களைப் பெரிதும் காப்பது சட்டமே, விழித்திருக்கிற சட்டமே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)