கப்பல் அறைக்கு வந்த உணவுத் தட்டு

ஆய்க்குடியில் பிறந்து, அவ்வட்டாரத்திலேயே தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் மலையைக் காணலாம், வயலைக் காணலாம். கடலைக் காண இயலாது. அத்தகையவனைக் கப்பல் உணவு பற்றிப் பேசுமாறு நீங்கள் பணித்திருப்பது, சமண நண்பர் ஒருவர் குடும்பத்தோடு நான் சென்றுவந்த பயணத்தைக் கேள்வியுற்றதனால் என்றே எண்ணுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய பயணத்தைச் சொல்ல வேண்டும். 1888 செப்டம்பர் 4 அன்று காந்தியடிகள் பம்பாயில் கப்பலேறியபோது அவருக்கு வயது பதினெட்டு. மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்று தாயின் பொருட்டு அவர் நோன்பேற்றிருந்தார். அதனை ஏற்பித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

கப்பலில் அவருக்கு நேர்ந்த இடர் பசியன்று, கூச்சம். ஆங்கிலத்தில் பேச நா எழவில்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் புலால் இல்லை என்று பரிமாறுவோரைக் கேட்கவும் துணிவில்லை. ஆகவே உணவுக்கூடத்திற்கே செல்லாமல், கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டார். பிஸ்கே விரிகுடாவைக் கடந்தால் நோன்பு நிற்காது என்று ஆங்கிலேயர் ஒருவர் அன்போடு எச்சரித்தார். விரிகுடாவையும் கடந்தாயிற்று, நோன்பு நின்றது. பின்னர் அதே ஆங்கிலேயரிடம், தாம் புலால் உண்ணவில்லை என்று சான்றிதழும் எழுதி வாங்கிக்கொண்டார்! புலால் உண்போரும் அத்தகைய சான்றிதழைப் பெறக்கூடும் எனக் கண்டபின் அதன்மேல் அவருக்கிருந்த பற்று அகன்றது.

இன்று நிலைமை வேறு. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணம் புறப்பட்ட எம்ப்ரஸ் போன்ற கப்பல்களில் சமண உணவும் கிடைக்கும். கூச்சம் மட்டும் கப்பலேறி நம்மோடு வந்துவிடுகிறது.

நாங்கள் சென்றது சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம். நண்பர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வந்தவாசிப் பக்கத்தவர். பயணச்சீட்டு எடுக்கும்போது 'சைவ உணவு' என்று மட்டும் குறித்துவிட்டார்கள். கப்பலின் அகராதியில் அச்சொல்லுக்குள் வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் அடங்கும். சில நேரங்களில் முட்டை சேர்ந்த கேக்கும் அடங்கும். முதல் நாள் சூப்பைப் பற்றி நான் கேட்டேன். பரிமாறுபவர் சமையற்கட்டிற்குச் சென்று விசாரித்து வந்து, பூண்டு இருப்பதாக நேர்மையோடு சொன்னார். நண்பரின் துணைவியார் எழுந்து அறைக்குச் சென்று, பேரீச்சம்பழமும் பொட்டுக்கடலையும் உண்டு படுத்துவிட்டார். "நான்கு நாள்தானே, அனுசரித்துக்கொள்ளக் கூடாதா?" என்றார் நண்பர். அம்மையார் விடை சொல்லவில்லை.

பொழுதும் ஒரு சிக்கல். அங்கே கதிரவன் மறைவது மாலை ஏழு மணியளவில். அதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்பே உண்டு முடிப்பது அம்மையாரின் வழக்கம். முதல் பந்தி தொடங்குவதோ ஆறு மணிக்கு. வரிசையில் நின்று, அமர்ந்து, தட்டு வருவதற்குள் பொழுது கடந்துவிடும். மார்கழியில் சென்னையிலிருந்து புறப்படுவோருக்கு இது இன்னும் கடினம்; அங்கே ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான்.

மறுநாள் காலை தலைமைப் பரிமாறுநரிடம் சென்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. முன்னதாகவே எழுதியிருந்தால் தனிச்சரக்கே ஏற்றியிருப்போம் என்றார். பின்னர், நாளைய உணவுப் பட்டியலை இன்று மாலையே காட்டுகிறேன், வேண்டாதவற்றை அடித்துக் கொடுங்கள் என்றார். நிலத்தின்கீழ் விளைவன எவையும் கூடா என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வேறு பாத்திரம், வேறு எண்ணெய், வேறு அகப்பை என்பதையும் சேர்த்தேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம், அடிக்கோடும் இட்டேன்.

அன்று மாலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. அறைப் பணியாளர் தட்டோடு நின்றார். சோறு, பாசிப்பருப்பு, தக்காளி சேர்த்த முட்டைக்கோசு, வெள்ளரி, தயிர். சன்னலில் வெயில் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. அம்மையார் அவரை நிறுத்தி, எவர் சமைத்தது என்று என்னைக் கேட்கச் சொன்னார். பெயரை அறிந்துகொண்ட பின்னரே கைகழுவச் சென்றார்.

முதல் இரண்டு இரவுகளும் எட்டு மணிப் பந்தியில் உண்டவர் நண்பர். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, அறைத் தொலைபேசியைத் தாமே எடுத்தார். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் அவர் கேட்டது இரண்டு தட்டு.