சிவப்பு விளக்கு எரிந்தால் யார் எழுந்து போவது?



"சாஃப்ட்வேர்ல நீ என்னதாம்ப்பா பண்றே?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்டார்கள். "விண்டோஸ் பில்டைப் பார்த்துக்கறேன்" என்றேன். சிரித்தார்கள். ஆகவே அதையே பேசிவிடுகிறேன்.

பலர் சேர்ந்து எழுதும் புரோகிராமில் ஒருவர் ஒரு மாற்றம் சேர்த்ததும், ஒரு கம்ப்யூட்டர் அனைத்தையும் புதிதாக பில்ட் செய்து, சோதனைகளை ஓட்டி, பச்சையோ சிவப்போ காட்டும். இதுதான் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டியை உருவாக்கியவர்கள் தினம் ஒரு பில்ட் எடுத்து, அதையே தங்கள் மேஜையிலும் ஓட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் குழுவில் எழுதுகிறவர்கள் லினக்ஸில், வாங்குகிறவர்கள் விண்டோஸில். வம்பு அங்கேதான். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் வேறு ஃபைல். விண்டோஸில் சாதாரணமாக இரண்டும் ஒன்றே. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பாதை 260 எழுத்தைத் தொட்டால் பழைய கருவிகள் படுத்துவிடும். 2016இல் விண்டோஸ் 10 இந்த வரம்பைத் தளர்த்தியது உண்மை. ஆனால் கருவியும் அதற்குச் சம்மதிக்க வேண்டுமே!

இவையெல்லாம் நேரான பகை. ஒளிந்து தாக்குவது வேறு. இப்போதுதான் பிறந்த எக்ஸ்இ ஃபைலை ஆன்டிவைரஸ் திறந்து சோதிக்கும். அதே கணத்தில் நம் சோதனை அதை அழிக்கப் போனால் "ஆக்சஸ் டினைட்". மறுபடி ஓட்டினால் பச்சை. "ரீ-ரன் போடுப்பா, சரியாயிடும்" என்ற பழக்கம் இப்படித்தான் வருகிறது.

ஒரு நிறுவனத்தில், நான் சேருவதற்கு முன், விண்டோஸ் பில்ட் மூன்று வாரம் சிவப்பாகவே கிடந்ததாம். "அது அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சிவப்புக்குள் நிஜமான பழுது ஒன்று பதுங்கியிருந்தது. விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறி, லினக்ஸில் ஒன்று. செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும்போது அந்த உபரிக் குறியில் புரோகிராம் தடுக்கி விழுந்தது. வாடிக்கையாளர் போன் செய்து சொன்னார்!

இப்போது எங்களிடம் முறை வைத்திருக்கிறோம். வாரம் ஒருவர் காவல். அந்த வாரம் அவருடைய சொந்த வேலை காத்திருக்கும். சிவப்பு வந்தால் முதலில் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுப்போம், வாதம் பிறகு. ஒவ்வொரு பில்டுக்கும் புது விர்ச்சுவல் மெஷின். யாரோ என்றோ கையால் இன்ஸ்டால் செய்த எதையும் நம்புவதில்லை. இந்த வேலைக்குப் புரமோஷன் வருவது அபூர்வம். நிர்வாகங்களின் குறும்பார்வை என்பேன்.

ஃபைனல் இயர் புராஜெக்டை நாலு லேப்டாப்பில் செய்து கடைசி இரவில் ஒட்டவைக்கும் தம்பிகளே, எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்த புரோகிராமுக்கு கிட்ஹப்பில் விண்டோஸ் மெஷின் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வாரமே போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்தால் எப்படி என்று காட்டுகிறேன்.