கருவி யாருடையது?

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

ஜக்கார்டு தறியின் மேல் துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவைதான் சேலையின் உருவத்தைத் தீர்மானிப்பவை. ஒரு துளை தவறினால் ஒரு இழை பிசகும். பத்து அட்டைகள் விடுபட்டாலோ, இருமுறை கோக்கப்பட்டாலோ, தலைகீழாகத் திரும்பினாலோ முந்தானை அன்னமே உருக்குலைந்துவிடும்.

நம் உடலுக்கும் இப்படியோர் அட்டை வரிசை உண்டு. அதுவே டி.என்.ஏ. அதில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். பெருந்துண்டுகள் விடுபடுவதையும், இரட்டிப்பதையும், திரும்பிக்கொள்வதையும் விஞ்ஞானிகள் கட்டமைப்பு மாறுபாடு என்கிறார்கள். எல்லா மாறுபாடும் நோயல்ல. ஆனால், குழந்தைகளை இரத்தமின்றி வாடச் செய்யும் பீட்டா தலசீமியாவில், இந்தியாவில் காணப்படும் ஒரு வகைக்குக் காரணம் 619 எழுத்துக்கள் விடுபட்டதே.

டி.என்.ஏ.வைப் பெரும்பாலும் சிறு துண்டுகளாக்கித்தான் படிக்கிறார்கள். கோடிக்கணக்கான துண்டுகளை ஒப்பிட்டுப் பிழை காண்பது கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு வழி சொல்வது மென்பொருள். ஒன்று விடுபட்ட இடத்தைக் காணும். மற்றொன்று இரட்டிப்பை எண்ணும். எந்த ஒன்றும் எல்லாவற்றையும் பிடிக்காது.

கோர்வைச் சேலைக்கு இருவர் கை சேர வேண்டுமல்லவா? அதுபோல் பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் மென்பொருள்களை ஒன்றுசேர்த்தனர். 26 மக்கட் பிரிவுகளைச் சேர்ந்த 2,504 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, 2015-ல் மாறுபாடுகளின் வரைபடத்தை வெளியிட்டனர். அந்த 26-ல் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு பிரிவினர். பயன்பட்ட மென்பொருள்களில் ஒன்று ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் உருவானது. அதை எவரும் காசின்றி எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம்.

இதற்கு நேர்மாறான பாதையும் உண்டு. 1998-ல் தோன்றிய செலெரா என்ற அமெரிக்கக் கம்பெனி, மனித டி.என்.ஏ.வைப் படித்து விவரங்களைச் சந்தாவுக்கு விற்க முனைந்தது. ஜிம் கென்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் சில வாரங்களில் ஒரு மென்பொருள் எழுதி, பொதுப் பணத்தில் படிக்கப்பட்ட துண்டுகளை இணைத்தார். 2000 ஜூலையில் அது உலகுக்கே இலவசமாக வெளியாயிற்று. லாப வேட்டை இல்லாமலே விஞ்ஞானம் வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் பத்தாயிரம் இந்தியரின் டி.என்.ஏ. விவரங்களை 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டது. இரத்தம் தந்தவர்கள் மக்கள். செலவான பணமும் மக்கள் பணம். ஆகவே நாம் கோருவது இதுதான்: அதிலிருந்து பிறக்கும் மென்பொருள் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். இரத்தம் தந்தவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். நோயறியும் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

தறி யாருடையது என்பதே நெசவாளியின் வாழ்வை நிர்ணயிக்கிறது. நிலம் யாருடையது என்பதே விவசாயத் தொழிலாளியின் வாழ்வை நிர்ணயிக்கிறது. விஞ்ஞானக் கருவிக்கும் அதே கேள்விதான், தோழர்களே!