எழுந்து நிற்கும் வலிமை

(விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நல அமர்வில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த என் தாயார், 75 அகவை வரை ஆண்டுதோறும் பொன்னூர் மலைப் படிகளை ஏறிக் குந்தகுந்தர் திருவடிகளை வணங்கி வந்தவர். தனியே இருக்கிறாரே என்று அவரை நகரத்துக்கு அழைத்து வந்தோம். "நீங்கள் உட்காருங்கள் அம்மா" என்பதே எங்கள் இல்லத்தின் வழக்கமாயிற்று. தண்ணீர் வடிகட்டுதல், மாடியில் துணி உலர்த்துதல், கடைக்குச் சென்று வருதல் என அவர் செய்து வந்த பணிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டோம். இரண்டே ஆண்டுகளில், தரையில் அமர்ந்து வழிபட்டு வந்தவர் கையூன்றியும் எழ இயலாதவரானார். மருத்துவனாகிய நானும் அதனை முதுமை என்றே எண்ணிவிட்டேன். அது முதுமை மட்டும் அன்று, தசை இழப்பு. அதற்கு எங்கள் அன்பும் ஒரு காரணமாயிற்று.

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைவதற்கு, அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1988ஆம் ஆண்டில் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். தசைக்குறைவு என்பது அதன் பொருள். நடுவயதிலேயே மெல்லத் தொடங்கும் இக்குறைவு 70 வயதுக்குப் பின் விரைவுபெறுகிறது. தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை வேகமாகக் குறைகிறது. கால் இடறும்போது சட்டென்று நம்மைத் தாங்கிப் பிடிக்கும் விரைவு இழைகளே முதலில் மெலிகின்றன. ஆதலால்தான் முதியோர் விழுகின்றனர், இடுப்பெலும்பு முறிகிறது, படுக்கை நேர்கிறது. படுக்கையோ மேலும் தசையைக் கரைக்கிறது. நலமுடன் இருந்த முதியோர் சிலரை 10 நாள் படுக்கையில் இருத்தி ஆராய்ந்ததில், அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. அந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று.

இதனை வீட்டிலேயே ஒருவாறு கண்டறியலாம். சுவரை ஒட்டி ஒரு நாற்காலியை இடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 5 முறை முழுமையாக எழுந்து அமருங்கள். அருகில் ஒருவர் துணை நிற்கட்டும். இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆகுமானால், மருத்துவரை நாடவேண்டும் என்பது ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவு.

இழந்த வலிமை மீளுமா? மீளும். 1990இல் பாஸ்டன் நகரில், 90 வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 10 பேருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. நிறைவு செய்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறிலும் தசை நம் அழைப்பைக் கேட்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நடைப்பயிற்சி நன்று, ஆனால் அது மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள், நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து அமர்தல், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், நீர் நிறைந்த பாட்டிலைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றைச் செய்யலாம். எளிதானதும் எண்ணிக்கையையும் எடையையும் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். மூச்சை அடக்கலாகாது. இதய நோயுடையோரும் அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

அடுத்தது உணவு. முதிய தசை புரதத்தை இளந்தசை போல எளிதில் ஏற்பதில்லை. எனவே உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியோர்க்கு வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர்க்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரகக் குறைபாடு உடையோர்க்கு இவ்வளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொற்படி நடக்கவேண்டும்.

புலால் உண்ணாத நமக்கு இது இயலுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். இயலும். 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு; ஒரு குவளைப் பாலில் 6 கிராம் அளவு உண்டு. குறை நம் உணவு நெறியில் இல்லை. சோறு மிகுந்து பருப்பு நீர்த்துப் போவதில்தான் இருக்கிறது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நமக்கு மறுநாள் காலை வரை நீண்ட இடைவெளி ஏற்படுகிறது. ஆகவே காலை உணவு காப்பியோடும் இரண்டு இட்லியோடும் முடியலாகாது. காலையில் அடை அல்லது பாசிப்பயற்றுத் தோசை, நண்பகலில் கெட்டியான பருப்புக் கூட்டு, மாலையில் சுண்டல் என மூன்று வேளையும் புரதம் பகிர்ந்து வரட்டும். பயறையும் பாலையும் ஒருங்கே கொள்ளாத இல்லத்தார் அவற்றை வெவ்வேறு வேளைகளில் கொள்ளலாம்.

நோன்பைக் கைவிடுமாறு நான் சொல்லவில்லை. பதினாறு பாவனைகளில் தவமும் தத்தம் ஆற்றலுக்கேற்பவே சொல்லப்பட்டுள்ளது. மெலிந்த முதியோர் தம் ஆற்றலை அளந்து நோன்பேற்பது அந்நெறிக்கு உடன்பாடானதே.

என் தாயாரிடம் அவர் பணிகளைத் திருப்பிக் கொடுத்தோம். நாற்காலிப் பயிற்சியும் காலை அடையும் சேர்ந்தன. பொன்னூர் மலையை அவர் மீண்டும் ஏறவில்லை. ஆனால் ஆறு மாதங்களுக்குப் பின், ஆலயத் தரையில் அமர்ந்து வணங்கி, எவர் கையையும் பற்றாமல் எழுந்தார். அன்று அவர் முகத்தில் கண்ட நிறைவை நான் மறவேன்.

இளைஞர்களே, பெரியோரை அமர வைப்பதோடு நம் கடமை முடிவதில்லை; அவர்கள் தாமே எழத் துணை நிற்பதும் தொண்டே. பெரியோர்களே, இன்று இல்லம் சென்றதும் அந்த நாற்காலியைச் சுவரோரம் இடுங்கள்.

அனைத்துயிரும் நலமுற வாழ்க!