பழைய ஜீப்பும் பெரிய எஞ்சினும்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்க்கு ஊரிலிருந்து வரும் செய்திகளுள் பணம் கேட்பனவும் சில உண்டு. கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், கிணற்றைத் தூர் வார வேண்டும் என்பன அத்தகையவை. சென்ற ஆண்டு பாறசாலையிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் கேட்டது சற்றுப் புதுமையானது. "மக்களே, நம்ம ஜீப்பு ஏத்தத்துல திணறுது. பெரிய டீசல் எஞ்சின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கொஞ்சம் ரூபாய் அனுப்பு" என்றார்.

பாறசாலை கேரளத்தின் தென்கோடி. நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மறு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்கள் இப்பக்கத்தில் உண்டு. நம்முடையதும் அவற்றுள் ஒன்று. ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றி மேட்டுப் பாதையில் ஏறி இறங்குவதற்குப் பெரியப்பா வைத்திருப்பது மகீந்திரா நிறுவனத்தின் பழைய பெட்ரோல் ஜீப்.

விடுமுறையில் ஊர் சென்றபோது அவ்வண்டியில் ஏறி மலைப்பக்கம் போய்ப் பார்த்தோம். ஏற்றத்தில் அது திணறியது உண்மையே. ஆனால், பெரியப்பா அதனைச் சாதாரண கியரிலேயே ஓட்டினார். ஜீப்பில் கியர்த் தண்டுக்கு அருகே இன்னொரு தண்டு உண்டு. அதனை மாற்றி வண்டியைத் தாழ்ந்த விகிதத்தில் இட்டு, முதல் கியரில் ஓட்டினால், எஞ்சினின் முறுக்குவிசை 30 மடங்கிற்கும் மேலாகப் பெருகிச் சக்கரங்களை அடையும். 1941-இல் போருக்கெனப் பிறந்த வில்லிஸ் ஜீப், 60 குதிரைத்திறன் கொண்டே சேற்றையும் மேட்டையும் வென்றது இவ்வுபாயத்தால்தான். செங்குத்தான பாதைக்கு வேண்டுவது பெரிய எஞ்சின் அன்று, பொறுமையான கியர்.

எஞ்சினைப் பெருக்குவது தவறு என்று நாம் சொல்லவில்லை. வண்டி செய்தவர்களே அதனைச் செய்திருக்கிறார்கள். செய்த விதத்தைத்தான் காண வேண்டும். 1953-இல் வில்லிஸ் நிறுவனம் தன் ஜீப்பில் திறன் கூடிய, உயரமான எஞ்சினை வைத்தபோது, அது அடங்குவதற்காகப் பானட்டையே உயர்த்திக் கட்டியது. மகீந்திரா ஜீப்புகளில் நாம் கண்டு பழகிய உயர்ந்த முகப்பு அதனால் வந்ததே. 1984-இல் ஜப்பானின் சுசுகி நிறுவனம் தன் சிறு ஜீப்பின் எஞ்சினை 970 சி.சி.யிலிருந்து 1,300 சி.சி. அளவுக்கு உயர்த்தியபோது, ஐந்து கியர்கள் உள்ள பெட்டியையும் விசையுதவி பெற்ற பிரேக்கையும் உடன் வைத்தது. நம் நாட்டில் 1985-இல் 970 சி.சி. எஞ்சினோடு வந்த மாருதி ஜிப்ஸி, 1,298 சி.சி. எஞ்சினைப் பெற்றது 1996-இல். எஞ்சின் வளர்ந்தால் பிரேக்கும் கியரும் உடன் வளர வேண்டும் என்பதே இதன் பாடம்.

பட்டறையில் இப்பாடம் பெரும்பாலும் பாதியோடு நின்றுவிடுகிறது. நம் ஊரிலேயே ஒருவர் தம் ஜீப்பிற்கு வேன் ஒன்றின் டீசல் எஞ்சினைப் பொருத்தினார். வண்டி மேட்டில் குதித்தேறியது, ஊரே வியந்தது. அதனால் முன்னினும் அதிகச் சுமை ஏற்றினார். புதிய எஞ்சினின் கனத்தால் முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் அமுங்கின. பிரேக்கோ பழையபடி காலின் பலத்தையே நம்பியிருந்தது. மழைநாள் ஒன்றில் இறக்கத்தில் வண்டி நிற்காமல் கையாலையில் மோதியது. ஓட்டிய இளைஞருக்குக் கால் முறிந்தது. பதிவுப் புத்தகத்தில் கண்ட எஞ்சின் எண்ணும் வண்டியில் இருந்த எண்ணும் வேறாக இருந்தமையால் காப்பீட்டுப் பணமும் கிடைக்கவில்லை. ஏற்றத்திற்காகச் செய்த மாற்றம் இறக்கத்தில் கணக்குத் தீர்த்தது.

"எங்க காலத்துல எத்தனை வண்டிக்கு எஞ்சின் மாத்தினோம்! யாரு கேட்டா?" என்றார் பெரியப்பா. சட்டங்களை மொழிபெயர்ப்பது நம் தொழிலாகையால் விடை தேடுதல் எளிதாயிற்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முதலில் பதிவு அதிகாரியின் இசைவோடு மாற்றம் செய்ய இடம் தந்திருந்தது. 2000-இல் வந்த திருத்தம் அதனை இறுக்கியது. தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்றது. எரிபொருளை மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தைப் பொருத்துவது போன்ற சில விலக்குகளே உண்டு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, தடைசெய்யப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எல்லையோரத்தார்க்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பாறசாலை வண்டிக்குக் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்குக் கே.எல். 20, மார்த்தாண்டத்திற்கு டி.என். 75. ஒரு மாநிலத்து வண்டி மறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நின்றால் புதுப் பதிவெண் பெற வேண்டும். அப்போது எஞ்சின் எண்ணை ஒப்பிடுவார்கள். ஊர் வண்டியைத் தாம் பிழைக்கும் மாநிலத்திற்குக் கொண்டுவர எண்ணுவோர்க்கும் இதே நிலைதான்.

இறுதியில் நாம் பணம் அனுப்பவே செய்தோம். புதிய எஞ்சினுக்கு அன்று. பழைய எஞ்சினின் பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் கார்புரேட்டரையும் சீர் செய்யவும், நான்கு சக்கரங்களின் பிரேக்கைப் புதுப்பிக்கவும் அனுப்பினோம். பெரியப்பாவுக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. முன்பு ஒரு நடையில் ஏற்றிய சுமையை இப்போது இரண்டு நடையாக ஏற்றுகிறார். பெட்ரோல் செலவைச் சொல்லிக் குறைபடவும் தவறுவதில்லை. ஆயினும் மழைநாளில் அவர் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால், இங்கே நமக்கு நெஞ்சு பதறுவதில்லை. ஊரிலிருந்து இத்தகைய செய்தி உங்களுக்கும் வருமாயின், எஞ்சின் என்ன விலை என்று கேட்குமுன் பிரேக் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.