மணவாழ்வுக்கும் வருமான வரம்பு



பிரிட்டனில் குடியேறிய தெற்காசியத் தொழிலாளர் தம் வாழ்க்கைத்துணையை அழைக்க விசா கோரியபோது, 1980களில் ‘முதன்மை நோக்கம்’ என்னும் விதி குறுக்கே நின்றது. திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்பதை விண்ணப்பித்தவரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாத நோக்கத்தை இல்லையென எங்ஙனம் மெய்ப்பிப்பது? மறுப்புகள் பெருகின.

முதலில் கணவர்களுக்கே இத்தடை. இப்பாலினப் பாகுபாட்டை 1985இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கண்டித்தது. தாட்சர் அரசோ தடையை நீக்கவில்லை. மனைவியருக்கும் நீட்டித்துச் ‘சமத்துவம்’ கண்டது! 1997இல்தான் அவ்விதி ஒழிந்தது.

2012இல் வேறொரு சுவர் எழுந்தது. துணையை அழைப்பவர்க்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்றனர். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் நாற்பது மணி நேரம் உழைப்பவரும் இத்தொகையை எட்ட இயலாது. உறவினரைக் காண வருவோர்க்கு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமையும் 2013இல் பறிபோயிற்று.

ஆகவே, மறுப்பு விகிதம் விண்ணப்பித்தோரின் தகுதியைக் காட்டும் அளவுகோல் அன்று. விதி வகுத்தோரின் வர்க்கச் சார்பைக் காட்டும் கண்ணாடி. மூலதனம் எல்லை கடக்கையில் கம்பளம் விரிப்போர், உழைப்பாளியின் குடும்பம் ஒன்றுசேரக் கணக்குக் கேட்கின்றனர்.